டாப்ளர் படம் சரியாக வராதபோது: கழுத்து, கால், டயாலிசிஸ் கை

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருடங்களாக ரத்தக்குழாய் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் காட்டும் ஸ்கேன், பார்த்து வருகிறேன். பழக வரும் இளம் டாக்டர்கள் வயிறு ஸ்கேனும் கர்ப்ப ஸ்கேனும் நன்றாகவே செய்வார்கள். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் பட்டனை அழுத்திய பிறகுதான் தடுமாற்றம். "மேடம், கலர் வரமாட்டேங்குது" என்பார்கள், இல்லாவிட்டால் "ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வருது" என்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் என் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹார்பரில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். "காலு சில்லுனு கீது டாக்டரம்மா" என்றார். முட்டிக்குப் பின்னால் ப்ரோப் வைத்தேன். தமனி தெரிகிறது, உள்ளே ஒரு பொட்டுக் கலர்கூட இல்லை. முழு அடைப்பு என்று எழுதிவிட்டேன். சீனியர் வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் கலர் ஸ்கேலை, அதாவது எந்த வேக எல்லைக்குள் கலர் காட்ட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் அளவை, 60-லிருந்து 15-க்கு இறக்கினார். குழாய் நிறையச் சிவப்பு வந்தது. ரத்தம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உண்மையான சுருக்கம் மேலே தொடையில் இருந்தது. நான் எழுதிய காகிதத்தோடு அவர் போயிருந்தால் டாக்டர்கள் தப்பான இடத்தில் தேடியிருப்பார்கள்.

அன்றிலிருந்து நான் பிடித்து வைத்திருக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் கை, அடுத்து குமிழ், கடைசியில்தான் குழாய். படம் தப்பாக இருந்தால் ப்ரோப் பிடித்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். அது சரி என்றால் மெஷின் அமைப்பைப் பாருங்கள். இரண்டும் சரி என்று தெரிந்த பிறகே நோயாளியின் ரத்தக்குழாயில் கோளாறு என்று சொல்லுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த வரிசையில்தான் போகும்.

ப்ரோப் வைப்பதற்கு முன்னாலேயே கெட்டுப்போவது

எங்கள் ஊரில் இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று ஏசி. வெளியே மே மாத வெயில், உள்ளே மெஷினுக்காக 18-இல் ஓடும் ஏசி. குளிரில் கால் தமனிகள் இறுகும், சிரைகளும் சுருங்கும். ஒரு போர்வை போட்டுப் பத்து நிமிடம் படுக்க வையுங்கள்.

இன்னொன்று அவசரம். பஸ் ஸ்டாப்பிலிருந்து வேகமாக நடந்து, மாடிப்படி ஏறி வந்தவரை உடனே படுக்க வைத்துக் கால் தமனியைப் பார்த்தால், அலை வடிவம் நோயாளிக் கால் மாதிரியே இருக்கும். வேலை செய்த தசை ரத்தத்தை இழுப்பதால் வரும் மாற்றம் அது. இங்கேயும் ஓய்வுதான் மருந்து.

அப்புறம் ப்ரீசெட், அதாவது உறுப்புக்கேற்ப மெஷினில் தயாராக இருக்கும் அமைப்பு. முந்தைய நோயாளிக்குத் தைராய்டு பார்த்த அமைப்பிலேயே கால் சிரையைப் பார்ப்பவர்கள் நிறைய. கரோடிட் (கழுத்துத் தமனி), கால் தமனி, கால் சிரை என்று தனித்தனியாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலே பாதிச் சிக்கல் வராது.

கலரே வரவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் தப்பு நடக்கும் இடமும் இதுதான். பொறுமையாக வாருங்கள்.

முதலில் கை. எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்? சிரை என்றால் ப்ரோப்பின் எடையே அதை மூடிவிடும். ஜெல் தாராளமாகப் போட்டு, ப்ரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடியுங்கள். வெறுங்காலில் நடந்து வேலை செய்பவர்களின் பாதத் தோல் தடித்திருக்கும். அங்கே ஜெல் தடவி ஒரு நிமிடம் ஊறவிட்டால் படம் தெளியும்.

அடுத்தது கோணம். டாப்ளரின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒலியலை ரத்த ஓட்டத்தோடு சாய்வாகச் சந்தித்தால்தான் அதிர்வெண்ணில் மாற்றம் வரும். நேர் செங்குத்தாக, 90 டிகிரியில் சந்தித்தால் மாற்றம் பூஜ்யம். கழுத்து, கால் தமனிகள் தோலுக்கு இணையாக ஓடுகின்றன, நேர் ப்ரோப் நேராகக் கீழே பார்க்கிறது. எனவே ஒன்றும் செய்யாமல் விட்டாலே நீங்கள் 90 டிகிரியில் நிற்கிறீர்கள். திரையில் கலர் தெரியும் பெட்டியை இடமோ வலமோ சாய்த்து ஸ்டியர் செய்யுங்கள். போதாவிட்டால் ப்ரோப்பின் ஒரு முனையை மட்டும் கொஞ்சம் அழுத்திக் குழாயைத் திரையில் சரிவாக்குங்கள். வளைந்து போகும் குழாயில் நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு துண்டு தெரிந்தால் அதை அடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வளைவின் உச்சி 90 டிகிரியில் இருக்கிறது. ப்ரோப்பைச் சற்று நகர்த்துங்கள், கறுப்பும் கூடவே நகரும். உண்மையான அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இனி குமிழ். கலர் ஸ்கேலை இறக்குங்கள். கழுத்துத் தமனிக்கு 30, 40 செ.மீ./வினாடியில் பார்க்கிறோம் என்றால், சிரைக்கும் அடைப்புக்குக் கீழே உள்ள தமனிக்கும் 5 முதல் 10 வரை இறங்க வேண்டியிருக்கும். வால் ஃபில்டரையும் குறையுங்கள். குழாய்ச் சுவரின் அசைவை வடிகட்டத்தான் அது இருக்கிறது, ஆனால் உயரமாக வைத்தால் மெதுவான ரத்தத்தையும் சேர்த்து வடிகட்டிவிடும். பல மெஷின்களில் ஸ்கேலை ஏற்றினால் ஃபில்டரும் தானாக ஏறிக்கொள்ளும். ஸ்கேலை இறக்கிய பிறகு ஃபில்டரும் இறங்கியதா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு கலர் கெயின், அதாவது திரும்பி வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு. குழாய்க்கு வெளியே புள்ளி புள்ளியாகக் கலர் தெறிக்கும்வரை ஏற்றுங்கள், தெறிப்பு நிற்கும்வரை மெல்ல இறக்குங்கள். அதுதான் சரியான இடம். கறுப்பு வெள்ளைப் படத்தின் கெயினைக் கொஞ்சம் குறைப்பதும் உதவும், ஏனென்றால் ஒரு புள்ளியில் சாம்பல் நிறம் பலமாக இருந்தால் மெஷின் கலருக்கு இடம் தராது. தொடையின் கீழ்ப்பகுதியில் ஆழம் அதிகமானால் நேர் ப்ரோப்பை வைத்துவிட்டு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த ப்ரோப்பை எடுங்கள். அதற்குத் தயங்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பவர் டாப்ளர். அது திசையைப் பெரிதாகக் கவனிக்காது, கோணத்துக்கும் அவ்வளவு கட்டுப்படாது. அதிலும் வரவில்லை, ஸ்பெக்ட்ரல் கேட்டை (ஒரு சிறு இடத்தின் வேகத்தை மட்டும் அலையாக வரையும் குறியை)க் குழாய்க்குள் வைத்தும் சத்தம் இல்லை என்றால், இப்போது அடைப்பு என்று சொல்லலாம். கழுத்தில் மூளைக்குப் போகும் உள் கரோடிட் என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். முழுதும் மூடிய குழாய்க்கும் நூலிழை மாதிரி ஓட்டம் மிச்சமிருக்கும் குழாய்க்கும் சிகிச்சை ஒன்றல்ல. ஸ்கேலை அடிமட்டத்துக்கு இறக்கி அந்த இழையைத் தேடாமல் "மூடிவிட்டது" என்று எழுதக் கூடாது.

கலர் குழாயை விட்டு வழிகிறது

கெயின் அதிகம், அல்லது ஸ்கேல் தேவைக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. வழியும் கலர் சுவரை மூடிவிடும். சுவரில் ஒட்டியிருக்கும் பிளேக் (கொழுப்புப் படிவு) அதன் கீழே மறைந்துவிடும். எனவே கழுத்தில் எப்போதும் முதலில் கலர் இல்லாமல், கறுப்பு வெள்ளையில், குறுக்காகவும் நீளமாகவும் கீழிருந்து மேல்வரை பார்த்து முடியுங்கள். கலர் போட்டபின் பிளேக்கைத் தேடாதீர்கள். கலர் பெட்டியைத் தேவைக்கு மட்டும் சிறிதாக வைத்தால் படமும் வேகமாக ஓடும்.

சிவப்புக்கு நடுவே திடீரென்று நீலம்

ரத்தம் நிஜமாகவே திரும்புகிறதா, மெஷின் ஏமாறுகிறதா? இரண்டையும் பிரிக்கச் சுலபமான வழி உண்டு. சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் எல்லையில் என்ன நிறம் என்று பாருங்கள். வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் என்று வெளிச்ச நிறங்கள் வழியாக மாறினால் மெஷின் ஏமாறுகிறது, இதற்கு அலியாசிங் என்று பெயர். நடுவில் கறுப்புக் கோடு இருந்தால் ஓட்டம் உண்மையிலேயே திசை மாறுகிறது, அல்லது குழாய் வளைந்து ப்ரோப்பை நோக்கி வந்தது விலகிப் போகிறது.

அலியாசிங் ஏன் வருகிறது? திருவிழா ராட்டினத்தைக் கண்ணை மூடி மூடித் திறந்து பாருங்கள். மெதுவாகச் சுற்றும்போது சரியாகத் தெரியும். ஒவ்வொரு முறை திறப்பதற்குள் குதிரை முக்கால் சுற்று போய்விட்டால், கால் சுற்று பின்னால் வந்தது போலத் தெரியும். மெஷினும் அப்படித்தான், துடிப்பு துடிப்பாகப் பார்க்கிறது. துடிப்பு எண்ணிக்கையில் பாதிக்கு மேல் டாப்ளர் மாற்றம் போனால் திசை புரண்டு தெரியும். ஆழம் கூடினால் இது மோசமாகும். ஒலி ஒரு செ.மீ. ஆழத்துக்குப் போய்வர 13 மைக்ரோ வினாடி பிடிக்கிறது. 4 செ.மீ. ஆழத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 19,000 துடிப்பு அனுப்ப முடியும். 15 செ.மீ. என்றால் 5,000 சொச்சம்தான். சிறுநீரகத் தமனியில் அலியாசிங் தொல்லை தருவதற்கு இதுதான் காரணம்.

ஸ்பெக்ட்ரல் படத்தில் இது அலையின் தலை வெட்டுப்பட்டுக் கீழே முளைப்பது போலத் தெரியும். முதலில் பேஸ்லைனை, அதாவது பூஜ்யக் கோட்டை, இறக்குங்கள். போதாவிட்டால் ஸ்கேலை ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் அதிர்வெண் குறைந்த ப்ரோப்புக்கு மாறுங்கள், அல்லது ஆழம் குறைவாகப் படும் வேறொரு பக்கத்திலிருந்து பாருங்கள்.

அலியாசிங்கைப் பகையாக நினைக்காதீர்கள். கழுத்துக்குச் சரியான ஸ்கேலில் வைத்துக் கலரை ஓட்டிக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் மட்டும் நிறம் வெடித்தால், கேட் வைக்க வேண்டிய இடத்தைப் படமே காட்டிவிட்டது.

ஆளுக்கொரு வேகம் வருகிறது

ஒரே நோயாளி, ஒரே கழுத்து. காலையில் பார்த்தவர் 110 என்கிறார், மாலையில் பார்த்தவர் 150 என்கிறார். அமெரிக்கக் கதிரியக்க நிபுணர்கள் கூடி 2003-இல் வெளியிட்ட அளவுகோலைத்தான் பல இடங்களிலும் பின்பற்றுகிறார்கள். உள் கரோடிட்டில் உச்ச வேகம் 125 செ.மீ./வினாடிக்குக் கீழே என்றால் சுருக்கம் 50 சதவீதத்துக்கும் குறைவு. 125 முதல் 230 என்றால் 50 முதல் 69 சதவீதம். 230-க்கு மேலே போனால் 70 சதவீதமோ அதற்கு மேலோ. இப்போது அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கே இரண்டு வெவ்வேறு நோய் சொல்லிவிட்டார்கள்.

பத்தில் எட்டு தடவை இதற்குக் காரணமாக நான் பார்ப்பது கோணக் கோடு. அந்தக் கோட்டைக் குழாய்ச் சுவருக்கு இணையாக நீங்கள்தான் திருப்பி வைக்கிறீர்கள், மெஷின் அதை அப்படியே நம்புகிறது. உண்மைக் கோணம் 30 டிகிரி, நீங்கள் 40 என்று வைத்தீர்கள் என்றால் 100 இருக்க வேண்டிய வேகம் 113 ஆகும். பெரிய நஷ்டமில்லை. உண்மைக் கோணம் 60, நீங்கள் 70 வைத்தால் அதே 100 என்பது 146 ஆகிவிடும். பிழை அதே பத்து டிகிரிதான், ஆனால் சேதம் மூன்று மடங்குக்கும் மேல். அதனால்தான் 60-ஐத் தாண்டாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழாய் 60-க்குள் வரவில்லை என்றால் கோட்டை இழுக்காதீர்கள், ப்ரோப்பைச் சாயுங்கள். நோயாளி திரும்ப வரும்போது ஒப்பிட, எந்தக் கோணத்தில் அளந்தீர்கள் என்பதும் படத்தில் பதிவாகியிருக்கட்டும்.

கேட்டின் அளவு 1.5 அல்லது 2 மி.மீ. போதும். குழாயின் நடுவில், ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். சுவரை ஒட்டி வைத்தாலோ பெரிதாகத் திறந்தாலோ அலையின் உட்பகுதி முழுக்க நிரம்பி, இல்லாத கொந்தளிப்பு இருப்பது போல ஏமாற்றும். ஸ்பெக்ட்ரல் கெயின் அதிகமானால் உச்சியும் பருத்து எண் ஏறும். அலையின் ஓரம் கூர்மையாகத் தெரியும்வரை கெயினை இறக்கிவிட்டு அளங்கள்.

எண் உயரமாக வந்தால் உடனே எழுதிவிடாதீர்கள், அதைத் தாண்டிச் சற்று மேலே போய்ப் பாருங்கள். நிஜமான சுருக்கத்துக்கு அடுத்தாற்போல் ரத்தம் கலங்கி ஓடும், அலை ஓரம் கிழிந்தது போலிருக்கும். அந்தக் கலக்கம் இல்லாமல் வேகம் மட்டும் உயர்ந்திருந்தால், எனக்கு முதல் சந்தேகம் என் கோணக் கோட்டின் மேல்தான். குழாய் நெளிந்து போகும் வயதானவர்களுக்கு வளைவில் வேகம் கூடுவது சகஜம். வளைவுக்கு முன்னும் பின்னும் அளங்கள். எதிர்ப்பக்கக் கரோடிட் அடைபட்டிருந்தால் இந்தப் பக்கம் ரத்தம் அதிகமாக ஓடி வேகம் ஏறும். இரண்டாகப் பிரிவதற்கு முன் உள்ள பொதுக் கரோடிட்டின் வேகத்தோடு விகிதம் போட்டுப் பார்த்தால் இது பிடிபடும். விகிதம் 2-க்குக் கீழே என்றால் நிம்மதி, 4-க்கு மேலே என்றால் சுருக்கம் கடுமையானது.

கழுத்தில் எது உள், எது வெளி?

கழுத்தில் கிளை விடுவது வெளிக் கரோடிட் மட்டும். மூளைக்குப் போகும் உள் கரோடிட் கழுத்தில் கிளை விடாது. பெரும்பாலும் அது பின்னால், வெளிப்பக்கமாக, பருத்து இருக்கும். மூளை எந்நேரமும் ரத்தம் கேட்பதால் அதில் இதயத் துடிப்புகளுக்கு நடுவிலும் ஓட்டம் நன்றாக இருக்கும். முகத்துக்குப் போகும் வெளிக் கரோடிட்டில் அலை கூர்மையாக எழுந்து சட்டென்று விழும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் காதுக்கு முன்னால் விரலால் லேசாகத் தட்டுங்கள். வெளிக் கரோடிட்டின் அலையில் பல் பல்லாக அதிர்வு தெரியும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், சில சமயம் உள் கரோடிட்டிலும் லேசாக அதிரும். உள் கரோடிட் மூடிப்போனவர்களுக்கு வெளிக் கரோடிட்டே மூளைக்கு ரத்தம் கொடுக்கத் தொடங்கி, அதன் அலையும் உள் கரோடிட் மாதிரி மாறிவிடும். அப்போது கிளைதான் சாட்சி.

நடுவில் சுண்ணாம்பு, கீழே நிழல்

குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அதன் கீழே படம் மறைந்துபோவது நீரிழிவுக்காரர்களுக்கு நிறைய. குறுக்காகச் சுற்றி வேறொரு பக்கத்திலிருந்து பாருங்கள், நிழலுக்குள் ஒரு ஜன்னல் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் நிழலுக்கு முன்னும் பின்னும் அலையை எடுங்கள். நிழல் 1 செ.மீ.க்குள் இருந்து, இரண்டு பக்கமும் அலை ஒரே மாதிரி இருந்தால், உள்ளே கடுமையான சுருக்கம் ஒளிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீண்ட நிழல் என்றால் பார்க்க முடியவில்லை என்று நேர்மையாக எழுதி, சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்புங்கள்.

இவர்களுக்குக் கணுக்கால் ரத்த அழுத்த விகிதமும் (கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தது) ஏமாற்றும். சுண்ணாம்பு படிந்த குழாயைப் பட்டையால் அமுக்க முடியாததால் விகிதம் 1.4-க்கு மேலே போய்விடும். அதை நல்ல கால் என்று படிக்கக் கூடாது. கால் விரலில் அழுத்தம் எடுங்கள்.

கால் தமனியில் மூன்று அலை காணோம்

ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான காலில் அலை மேலே எழும், கீழே இறங்கும், மீண்டும் கொஞ்சம் மேலே வரும். பழகுபவர்கள் இந்த மூன்றையும் எண்ணுகிறார்கள். மூன்றாவது இல்லாவிட்டால் நோய் என்று எழுதிவிடுகிறார்கள்.

நான் எண்ணுவதில்லை, ஏறும் விதத்தைப் பார்க்கிறேன். எங்களிடம் வரும் கால்களில் நிறையப் பேருக்குப் பாதத்தில் ஆறாத புண் இருக்கும், அல்லது காலே வீங்கிச் சிவந்திருக்கும். அழற்சி ரத்தத்தை இழுப்பதால் கீழ்நோக்கிய அலை மறைந்து, எல்லாம் மேலேயே ஓடும். குழாயில் அடைப்பே இல்லாமல் ஒற்றை அலை வந்துவிடும். அப்போதும் ஏற்றம் செங்குத்தாகவே இருக்கும். மேலே சுருக்கம் இருந்தால் ஏற்றமே சோம்பி, சாய்ந்து, உச்சி உருண்டு போகும். அந்தச் சோம்பல்தான் மேலே தேடச் சொல்லும் அடையாளம். "மோனோஃபேசிக்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால் படிக்கும் சர்ஜனுக்கு இந்த வித்தியாசம் போய்ச் சேராது. ஏற்றம் செங்குத்தா சாய்வா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சுருக்கத்தின் அளவை விகிதத்தில் பிடியுங்கள். சுருங்கிய இடத்தின் வேகம் அதற்குச் சற்று மேலே உள்ளதைவிட இரண்டு மடங்கு என்றால் பாதிக்கு மேல் சுருக்கம். நான்கு மடங்கு என்றால் முக்காலுக்கும் மேல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சோம்பிய அலை என்றால் வயிற்றுப் பெருந்தமனியையும் இதயத்தையும் நினையுங்கள்.

சிரை அமுங்கவில்லை, அல்லது அமுங்கினாலும் சந்தேகம்

ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் கலரைவிட உங்கள் அழுத்தம்தான் முக்கியம். புதிதாக உறைந்த கட்டி படத்தில் கறுப்பாகவே இருக்கும், ரத்தத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. குறுக்காக வைத்து அமுக்கினால் நல்ல சிரை இரு சுவரும் ஒட்டும்படி மூடும். உறைவு இருந்தால் மூடாது.

மூடவில்லை என்றால் முதலில் கை. ப்ரோப் சிரைக்கு நேர் குறுக்காக இருக்கிறதா? சாய்ந்திருந்தால் அழுத்தம் நழுவும். போதுமான அழுத்தம் கொடுத்தீர்களா என்பதற்குப் பக்கத்துத் தமனிதான் அளவுகோல். தமனி லேசாக நசுங்கத் தொடங்கியும் சிரை மூடவில்லை என்றால்தான் உறைவு. தொடையின் கீழ்ப்பகுதியில் தசைக்குள் நுழையும் இடத்தில் மேலிருந்து அமுக்கினால் மூடாது. மற்றொரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து ப்ரோப்பை நோக்கி அமுக்குங்கள். பலருக்கு அங்கேதான் தப்பாக உறைவு எழுதப்படுகிறது.

மூடிவிட்டது, ஆனால் கால் இன்னும் வீங்கியிருக்கிறது? தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் இரட்டைச் சிரை இருப்பது சகஜம். ஒன்று நன்றாக மூடும், உறைந்த மற்றொன்று ஓரத்தில் கவனிக்கப்படாமல் நிற்கும். 1 அல்லது 2 செ.மீ.க்கு ஒருமுறை அமுக்கிக்கொண்டே இறங்குங்கள், தாவாதீர்கள். பிறகு தொடை இடுக்கில் ஸ்பெக்ட்ரல் அலை எடுங்கள். மூச்சோடு ஓட்டம் ஏறி இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாக ஓடினால் அடைப்பு மேலே இடுப்புக்குள் இருக்கிறது. எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு கன்டெய்னர் லாரி டிரைவருக்கு அப்படித்தான் கண்டுபிடித்தோம். தொடை முழுக்க அழகாக மூடியது, அலை மட்டும் தட்டை.

ஒரு சொல் எச்சரிக்கை. தொடையில் ஓடும் முக்கியச் சிரையைப் பழைய பாணியில் "சூப்பர்ஃபீஷியல் ஃபெமொரல்" என்று எழுதாதீர்கள். அது ஆழ்சிரை. அந்தப் பெயரைப் பார்த்து, மேலோட்டமான சிரைதானே என்று மருந்து கொடுக்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. ஃபெமொரல் சிரை என்று மட்டும் எழுதினால் போதும். சிரைக்குள் கட்டி மிதந்து ஆடுவது தெரிந்தால் அந்த இடத்தில் அமுக்குவதை நிறுத்திவிட்டு உடனே அனுப்பியவருக்குப் போன் செய்யுங்கள்.

"நரம்பு சுருண்டிருக்கு" என்று வருபவருக்கு ஒன்றும் தெரியவில்லை

வெரிகோஸ் சிரையை இங்கே எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து நின்றபடி மீன் விற்கும் ஒரு ஆயா, கால் முழுக்கப் புடைத்த சிரைகளோடு வந்தார். கையில் "வால்வு நார்மல்" என்ற ரிப்போர்ட். அந்தப் பரிசோதனை படுக்க வைத்தே செய்யப்பட்டிருந்தது. படுத்தால் ரத்தம் கீழே வடிய வழியேது? நிற்க வைத்து, எடையை மற்ற காலில் போடச் சொல்லி, கெண்டைக்காலைக் கையால் பிழிந்து விட்டேன். ரத்தம் மேலே போய், சரசரவென்று கீழே திரும்பியது. தோலுக்கடியில் ஓடும் சிரையில் அரை வினாடிக்கு மேல் திரும்பினால் வால்வு கெட்டிருக்கிறது. தொடை, முட்டியின் ஆழ்சிரையில் 1 வினாடிக்கு மேல். ப்ரோப்பை அமுக்காதீர்கள், அமுக்கினால் திரும்பும் ஓட்டம் மறைந்துபோகும். நீண்ட நேரம் நின்றால் தலைசுற்றும் என்பதால் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியோ ஆளோ இருக்க வேண்டும். முடிந்தால் வேலை முடிந்து வரும் நேரத்தில் வரச்சொல்லுங்கள்.

டயாலிசிஸ் கையில் ஓட்டக் கணக்கு நம்பும்படி இல்லை

ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியோடு சிரையை இணைத்த இடம், முதிர்ந்ததா என்று பார்க்க ஆறின் கணக்கு என்று ஒன்று சொல்வார்கள். ஆறு வாரத்தில் நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம். ஓட்டம் என்பது குழாயின் பரப்பு, சராசரி வேகம், 60 இவற்றின் பெருக்கல். பரப்பில் அகலம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். சராசரி வேகம் 40 செ.மீ./வினாடி, அகலம் 6 மி.மீ. என்றால் ஓட்டம் ஏறக்குறைய 680 மி.லி. அதே குழாயை 7 மி.மீ. என்று அளந்தால் 920-ஐத் தாண்டிவிடும். ஒரு மி.மீ. கை நழுவியதற்கு இத்தனை வித்தியாசம்.

எனவே படத்தைப் பெரிதாக்கி, உள்சுவரிலிருந்து உள்சுவர்வரை, குழாய்க்கு நேர் குறுக்காக அளங்கள். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். ஃபிஸ்டுலா சிரைக்குள் ரத்தம் கொந்தளித்து ஓடுவதாலும், லேசாக அமுக்கினாலே உருவம் மாறுவதாலும் அங்கே அளப்பது நம்பகமில்லை. மேல்கையின் பிராக்கியல் தமனியில் அளங்கள். அங்கே குழாய் வட்டமாக இருக்கும், அலையும் சீராக இருக்கும். இங்கே கேட்டை மட்டும் குழாயின் முழு அகலத்துக்கும் திறக்க வேண்டும், கழுத்தில் சொன்னதற்கு நேர்மாறாக. சராசரி வேகம் வேண்டும் என்பதால் ஓரத்தில் ஓடும் மெதுவான ரத்தமும் கணக்கில் சேர வேண்டும். உச்ச வேகத்தின் சராசரியை மெஷின் எடுத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் எண் பொய்யாக உயரும்.

எண் எடுத்த பிறகு விரலை ஃபிஸ்டுலாவின் மேல் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து உறுமும் அதிர்வு இருந்தும் உங்கள் கணக்கு 200 என்றால், விரலை நம்பி மறுபடியும் அளங்கள்.

சின்னச் சின்ன ஏமாற்றங்கள்

ஸ்பெக்ட்ரல் அலை பேஸ்லைனுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி வந்தால் கெயின் அதிகம், அல்லது கோணம் 90-ஐ நெருங்கிவிட்டது. காரை எலும்புக்கு மேலே, கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனி இரண்டாகத் தெரிந்தால், கீழே இருப்பது நுரையீரல் உறையில் பட்டுத் திரும்பிய பிம்பம். பின்கழுத்து முள்ளெலும்புத் தமனியில் ஓட்டம் தலைகீழாக வந்தால் திரையில் கலர் தலைகீழாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் எடுங்கள். அந்தப் பக்கக் கையில் குறைவாக இருந்தால் அந்தக் கை மூளையின் பங்கிலிருந்து ரத்தம் எடுக்கிறது. தொடை இடுக்கில் சிரை பக்கத்தில் உருண்டையாக ஒன்று அமுங்காமல் நின்றால் ப்ரோப்பை மேலும் கீழும் ஓட்டுங்கள். நீண்டு போனால் சிரை, அங்கேயே முடிந்தால் நெறிக்கட்டி.

பழக வேண்டும் என்றால் மெஷினை நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது, 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு செய்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும். எனவே சென்டரில் நோயாளிகள் போனபின் ஒரு அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கழுத்திலேயே ப்ரோப் வைத்து, கோணக் கோட்டை 50, 60, 70 என்று மாற்றி மாற்றி ஒரே இடத்தை அளந்து எழுதிப் பாருங்கள். பிறகு ஸ்கேலை 60-க்கு ஏற்றி உங்கள் கால் சிரையைத் தேடுங்கள், கலர் இருக்காது. அப்படியே 5-க்கு இறக்கி, கெண்டைக்காலைப் பிழியுங்கள்.